ஆற்றுக்குள் நின்ற புள்ளி

நஞ்சுண்டன் விடியக்காலையில் ஓட்டிப்போன மீட்பு லாரி ஆற்றுக்கு நடுவில் நின்றது. கம்ப்யூட்டர் வரைபடத்தில் அப்படித்தான் தெரிந்தது. வண்டிகளை அனுப்பும் வேலையிலிருந்த கயல்விழி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூற்றெட்டாம் வருசம் லாரிகளில் இடம் காட்டும் செயற்கைக்கோள் பெட்டி பொருத்திய நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். ரோட்டில் போகிற வண்டியைத் தென்னந்தோப்புக்குள் காட்டும், கோயில் குளத்தில் இறக்கும். ஆபீஸே சிரிக்கும்.

வெளியே பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு மழை ஊற்றியது. பவானி ஆறு பெருகி, அக்கரையில் ஜமக்காளம் நெய்கிற குடும்பங்கள் கூரைமேல் ஏறியிருந்தன. வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் நனைந்த சாக்கின் வாடையும், ஆறிப்போன டீயின் வாடையும், சூடேறிய மெஷினின் ஓயாத முனகலும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன.

காலையிலிருந்து ஊமையாய்க் கிடந்த வயர்லெஸ் கரகரத்தது.

"ஏனுங்க அம்மணி, நஞ்சுண்டனுங்க. பாலத்தத் தாண்டீட்டேன். ரோடு நல்லா இருக்குதுங்க. சனம் காத்துட்டிருக்குது. அடுத்த வண்டிய அனுப்புங்க."

அடுத்த வண்டியை ஓட்டுபவன் எழில், அவள் புருஷன். கல்யாணமாகி முதல் ஆடி கூட வரவில்லை. மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கூரைமேல் குழந்தைகள் இருக்கிறார்களே. அனுப்பினாள். திரையில் இரண்டாவது புள்ளி கிளம்பியது.

அது பாதி தூரம் போனபோது டெலிபோன் அடித்தது. அக்கரையில் பாலத்துக்குக் காவல் நின்ற போலீஸ்காரர்.

"லைன் இப்பத்தானுங்க கெடச்சுது. பாலம் விடியறப்பவே போயிருச்சு. நஞ்சுண்டன் பொணத்த இப்பத்தான் கரையேத்துனோம். யாரையும் அனுப்பிப்போடாதீங்க."

மைக்கைப் பிடித்தாள்.

"மாமா, திரும்பிருங்க! பாலம் இல்லீங்க!"

பதில் வந்தது. நஞ்சுண்டனின் குரலில். அதே மரியாதையோடு.

"பயப்படாதீங்க அம்மணி. அவருக்கு நாந்தான் வழி காட்டீட்டிருக்கறேன்."

புள்ளி நகர்ந்தது. வளைவு. மேடு. கரை.

"மாமா!"

வரைபடத்து ஆற்றின் நீலத்துக்குள் இறங்கியது. முதல் புள்ளியின் பக்கத்தில் போய் நின்றது.

இரைச்சல். பிறகு எழில். பதற்றமே இல்லாத குரல்.

"வந்து சேந்துட்டேன் கண்ணு. இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். மூணாவது வண்டிய அனுப்பு. நீயும் அதுலயே ஏறி வா."

வயர்லெஸ் பெட்டியின் ஓட்டைகள் வழியே செந்தண்ணீர் கசிந்து மேசையில் பரவியது. கீபோர்டுக்குள் இறங்கியது. அவள் மடியில் சொட்டியது. ஐஸாய்ச் சில்லிட்டது.

குரல் நிற்கவில்லை. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.