பூசை வைக்காத ஒன்று

ஆயுத பூசைக்காகத் தேயிலைத் தொழிற்சாலையைப் பூட்டியாயிற்று, பொழுதும் சாய்ந்துவிட்டது. ஆனாலும் தொழிலாளர் லயத்தில் முத்துலிங்கத்தின் காம்பரா அறைச் சுவரில் அந்தச் சின்ன டார்ச் பல்ப் விட்டுவிட்டு மின்னிக்கொண்டுதான் இருந்தது.

ரோலர்களுக்கு எண்ணெய் விடுவது அவன் வேலை. பூசைக்கு அவற்றைக் கழுவியதில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடந்தது. வாசலிலேயே நின்று பார்த்தான்.

அது அவன் கைவேலை. ரம்பத் தகட்டின் ஒரு முனையைச் சுவரில் முடுக்கி, மறுமுனையில் காந்தம் கட்டி, சுற்றிலும் கம்பிச் சுருள் வைத்திருந்தான். லயத்தை ஒட்டிய அந்தத் தொழிற்சாலையில் பெரிய ரோலர் கொழுந்தைப் பச்சைச் சாறு கசிய உருட்டினால் சுவர் அதிரும், தகடு ஆடும், சுற்றுக்கு ஒரு தரம் பல்ப் மின்னும். அந்த அதிர்வுக்கு மட்டும் ஆடும்படி தகட்டை அறுத்து அறுத்து அளவாக்கியிருந்தான். இடி இடித்தாலும் வட்டகொடை ரயில் போனாலும் அசையாது. லயத்துக்குக் கரண்டு கொடுக்கத் தோட்டத் துரைக்கு மனம் வரவில்லை. அவன் மனைவி, நிறைமாதக்காரி அழகம்மாவுக்கோ இருட்டென்றால் பயம்.

இன்று சுத்தியலுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்தாயிற்று. இதற்கு மட்டும் வைக்கவில்லை. திருட்டுக் கம்பி, தொழிற்சாலை அதிகாரி டீமேக்கர் கண்ணில் பட்டால் வேலை போய்விடும்.

"ஏ புள்ள, ஸ்டோருல ரோலரு ஓடுதா?"

"இன்னைக்கு எவன்ங்க ஓட்டுவான்?" கட்டிலில் படுத்திருந்த அழகம்மாவின் குரல் கம்மியது. "காலையிலருந்து புள்ள அசையவே இல்லீங்க."

ஏற்கெனவே இரண்டை மண்ணுக்குக் கொடுத்தவர்கள்.

"தூங்குதோ என்னமோ" என்றபடி சுவரில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது, துளி அதிர்வில்லை. கதவிடுக்கில் நுழைந்த மூடுபனியோடு நசுங்கிய பச்சைக் கொழுந்தின் வாடையும் அறை முழுக்கப் பரவியது. தகட்டைச் சுருளோடும் பல்போடும் கழற்றிக் கையில் எடுத்தான்.

கையிலும் மின்னியது.

வாசல் பக்கம் போனான். மங்கியது.

கட்டில் பக்கம் வந்தான். கண் கூசியது.

"என்னங்க, அசையுதுங்க!" அழகம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "கை வச்சுப் பாருங்க!"

வைத்தான்.

உதை இல்லை. புரளல் இல்லை.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நிற்கவில்லை. ரோலரின் அதே கதி.

"நம்ம புள்ளதாங்க" என்றாள்.

பல்ப் வெள்ளை வெளேரென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில், கட்டில் கயிற்றின் வழியே, பச்சைச் சாறு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.