நாலு நொடி எதிரொலி

அவள் மேடையில் நின்று கைதட்டினாள். ஓசை எழுந்த இடத்திலேயே அமுங்கிப்போனது.

எதிரே, இன்னும் இருக்கை போடாத வெறும் சிமெண்ட் படிகளில் ஒலியளக்கும் மீட்டரோடு நின்ற தம்பி தலையைச் சொறிந்தான். நகரத்தின் பெரிய நாடக அரங்குக்கு முதலில் வரைபடம் போட்டவளும், அது எரிந்தபின் மறுபடி போட்டவளும் அக்காதான். ஒலியைச் சோதிக்க வந்தவன் அவன்.

“ஒன்றரை நொடிதான்க்கா. காலி ஹால்னா நாலு நொடியாவது எதிரொலிக்கணும்.”

“மீட்டர் கோளாறா இருக்கும்.”

“ஆள் நிறைஞ்சாத்தான் இப்படி அமுங்கும். திறக்கறதுக்கு முன்னாடியே ஹவுஸ்ஃபுல் போல!”

அவள் சிரிக்கவில்லை. கண் இடப்பக்கச் சுவருக்குப் போனது. பழைய அரங்கில் அங்கே ஒரு கதவு இருந்தது. தெருவின் ஹாரன் சத்தம் அதன் வழியே வந்து நாடகத்தைக் கெடுக்கிறதென்று வாயிற்காவலரிடம் அவள்தான் சொன்னாள்: “ஆட்டம் முடியற வரைக்கும் பூட்டியே வைங்க.” அன்றைக்குத்தான் தீப்பிடித்தது. அந்தக் கதவடியில் முப்பத்தியொரு பேர் குவிந்து கிடந்தார்கள். விசாரணையில், அப்படிச் சொல்லவே இல்லையென்று சாதித்தாள். “அம்மா, நீங்கதானே சொன்னீங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அந்த மனுஷர் தலையைத் தொங்கப்போட்டார். பழி அவர்மேல் விழ, சிறையிலேயே போய்ச்சேர்ந்தார். புது வரைபடத்தில் அவள் அங்கே கதவே வைக்கவில்லை.

வேறு மீட்டர் எடுக்கக் கிளம்பிய தம்பி வாசலில் நின்றான். “அந்த வாட்ச்மேனோட பொண்ணு மறுபடி மனு போட்டிருக்காளாம். நிஜமாவே நீ பூட்டச் சொல்லலியேக்கா?”

“எத்தனை தடவைடா கேப்ப? சொல்லல.”

அவன் போனதும், புதுச் சிமெண்ட் வாசனைக்கு அடியிலிருந்து நனைந்த சாம்பலும் பொசுங்கிய திரைச்சீலையும் கலந்த ஒரு வாடை மெல்லமெல்லக் கிளம்பி, மேடை விளிம்பைத் தாண்டி அவள் முகம்வரை ஏறிவந்தது. மறுபடி தட்டினாள். இன்னும் சீக்கிரம் அமுங்கியது, நெருங்கி வந்துவிட்டவர்கள் மேல் பட்டதுபோல.

மறுபடி. ஓசையே இல்லை.

“டேய் தம்பி!” வாய்தான் அசைந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. திரையில் தம்பியின் செய்தி. “அக்கா, பழைய கதவு இருந்த சுவருக்கு வெளியே நிக்கறேன். உள்ளேர்ந்து ஏன் இப்படி அறையற? கை வலிக்கலியா?”

அவள் மேடையில்தான் இருந்தாள்.

சுவரில், காயாத பூச்சில், உள்ளங்கைகள் பதிந்துகொண்டிருந்தன. முழங்கால் உயரத்தில் சின்னச்சின்னதாய். மேலே பெரியவை. ஒன்றன்மேல் ஒன்று. நடுவில் ஒரு கை அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

வாசலுக்கு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. பழகிய குரல். பணிவான குரல்.

“ஆட்டம் முடியற வரைக்கும் பூட்டியே வைக்கறேம்மா.”

அது மட்டும் நாலு நொடி, முழுசாக எதிரொலித்தது.