திங்கட்கிழமை அம்பு

அவளுடைய நாற்காலியில் யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் காபிக் கடையில் பதினான்கு நாற்காலிகள் உண்டு. சுவரில் பிளக் மட்டும் ஒன்றே ஒன்று, மாடிப்படிக்குக் கீழே. அதை ஒட்டிய நாற்காலியில்தான் உயென் மூன்று வருடமாக உட்கார்ந்து வந்தாள். சைகோனில் பங்குச் சந்தை காலை ஒன்பதுக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடும். எல்லோரும் சாப்பிட்டு வந்ததும் ஒரு மணிக்கு மறுபடி திறக்கும். சந்தை திறக்கும்போது உயென் அந்த நாற்காலியில் இருப்பாள். விலைப் படம் போடும் மென்பொருளுக்குள், கேட்பவர்களுக்கு ஏற்றபடி சூத்திரம் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். 'இருபது நாள் சராசரியை ஐந்து நாள் சராசரி தாண்டினால் அம்புக்குறி காட்டு' என்பது போன்ற வரிகள்... மனிதர்கள் தங்கள் ஆசையைச் சொல்வார்கள், அவள் அதைக் கணக்காக மாற்றுவாள்.

அன்று திங்கட்கிழமை. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. அவளுடைய ஊதா மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது என் இடம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமைக்கவே மறந்துபோனவனைப் போல ஒரு பார்வை. ஓரம் சிவந்த, தூக்கம் கெட்ட, ஆனாலும் எதையோ எதிர்பார்க்கிற கண்கள்... உயெனுக்கு ஒரு நொடி சொல்ல வந்தது மறந்துவிட்டது. மழையில் நடந்து வந்த மூச்சிரைப்பு என்று அதற்கு உடனே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

"பேர் எழுதலையே அக்கா," என்றான் அவன்.

"அக்காவா? எந்த வருஷம் பொறந்தீங்க?"

அவன் சொன்னான். அவளைவிட இரண்டு வயது சின்னவன்.

"சரி தம்பி. எந்திரி."

அவன் எழுந்திருக்கவில்லை. கடைக்காரி ஏழாம் அத்தை (அவள் வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவள், தெருவே அப்படித்தான் கூப்பிடும்) ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். சண்டை போடுவதென்றால் ஒரே மேசையில் போடுங்கள், இடமாவது மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் பெயர் கியெத். வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தான். விலைப் பலகையில் ஒரு பங்கு அன்றைய உச்சவரம்பைத் தொட்டால் ஊதா நிறத்தில் மின்னும். அடிமட்டத்தைத் தொட்டால் வெளிர்நீலம். அந்தக் கடையில் வேறு யாரும் அந்த நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்வதில்லை. இது தெரியாதவனா, தெரிந்தும் பயப்படாதவனா என்று யோசித்தபடி அவள் பக்கவாட்டில் அவன் திரையைப் பார்த்தாள்.

விலைக் கோடு மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு பச்சை அம்பு. ஒவ்வொரு உச்சியிலும் ஒரு சிவப்பு அம்பு. இரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

உயெனுக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி, உன் ஃபார்முலா நாளைய விலையை எட்டிப் பாக்குது."

அவன் முகம் சிவந்தது. அவள் சொன்னது இந்தத் தொழிலில் இருக்கிற மிகப் பெரிய வசவு. சூத்திரத்தில் நேற்றைய விலை வேண்டுமென்றால் 'கழித்தல் ஒன்று' என்று எழுத வேண்டும். கை தவறி 'கூட்டல் ஒன்று' என்று எழுதினால் அது நாளைய விலை. மென்பொருள் ஆட்சேபிக்காது. பழைய விலைகளில் நாளை என்பதும் ஏற்கெனவே நடந்து முடிந்ததுதானே... எடுத்துக் கொடுத்துவிடும். விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதின மாதிரி, நூற்றுக்கு நூறு வரும்.

தன் சூத்திரத்தில் எங்கேயும் கூட்டல் ஒன்று கிடையாது, வேண்டுமானால் தேடிப் பாருங்கள் என்றான் கியெத். பிறகு கடையின் விலை அட்டையை எடுத்துத் திரையின் வலது பாதியை மூடினான்.

"இப்ப நாளைக்கு எங்க இருக்கு? மறைச்சாச்சு. அம்பு இருக்கா இல்லையா?"

அம்பு இருந்தது. அட்டை மறைத்தது அவன் கண்ணைத்தான், சூத்திரத்தின் கண்ணை இல்லை என்று உயெனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஜெயித்த களிப்பில் ஏழாம் அத்தையிடம் இரண்டு ஐஸ் காபி சொல்லிவிட்டான். அக்காவுக்குப் பால் கூடப் போடுங்க, கசப்பு அதிகமாக இருக்கு என்றும் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. காபியைக் குடித்தாள்.

செவ்வாயும் புதனும் அதே மேசை. பதினொன்றரைக்குச் சந்தை மூடியதும் இருவரும் எதிர்க்கடையில் நொய்ச்சோறும் சுட்ட பன்றி இறைச்சியும் சாப்பிட்டார்கள். எலும்பை அவன் கையால் பிடித்துக் கடிக்கிற அழகை அவள் கேலி செய்தாள். தட்டில் மிளகாயை வரிசையாக அடுக்கி வைக்கிற அவள் பழக்கத்தை அவன் கேலி செய்தான். அவன் கதையும் மெல்ல வெளியே வந்தது. ஃபான் தியெத்தில் அப்பாவுக்கு மீன்சாறுத் தொழில். மகன் ஒரு வருடம் சைகோனில் இருந்து பார்க்கலாம். அதற்குள் எதுவும் தேறாவிட்டால் திரும்பி வந்து பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. சனிக்கிழமை காலை இதே கடையின் மாடியில் நாற்பது பேர் கொண்ட முதலீட்டாளர் குழு கூடுகிறது. குழுவின் தலைவர் ஃபூ ஐயா தன் நிறுவனத்துக்குச் சூத்திரம் எழுத ஆள் தேடுகிறார். அவர் முன்னால் கியெத் தன் அம்புகளைக் காட்டப் போகிறான்.

"அப்ப ரூம்லயே உக்காந்து வேலை பாக்க வேண்டியதுதானே? என் பிளக் எதுக்கு?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"அங்க இன்டர்நெட் அடிக்கடி போகுது அக்கா. அம்பு விழறதை நான் பாக்கவே இல்லை. போன வாரம் திங்கட்கிழமை அம்பை வியாழக்கிழமைதான் பாத்தேன். அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். சரியான நேரத்துல விழுந்திருக்கு, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இங்க லைன் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதான் இமைக்காம உக்காந்திருக்கேன்."

உயென் கரண்டியைக் கீழே வைத்தாள்.

இப்போது அவளுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. அவன் பயன்படுத்தியது 'ஜிக்ஜாக்' என்கிற மேடுபள்ளக் கோட்டுச் சூத்திரம். விலை எட்டு சதவீதம் ஏறினால்தான், ஏறத் தொடங்கிய இடம் ஒரு பள்ளம் என்று அதற்கு உறுதியாகும். உறுதியானதும் அது திரும்பிப் போய், மூன்று நாளோ நான்கு நாளோ முந்தைய அந்தப் பள்ளத்தின் அடியில் அம்பைப் போட்டுவிட்டு வரும். போட்ட தேதியை எங்கும் எழுதி வைக்காது. வியாழக்கிழமை வரைந்த அம்பு, திங்கட்கிழமையே அங்கே இருந்தது போல அப்பாவியாக நிற்கும். எந்தக் கூட்டல் ஒன்றும் தேவையில்லை. இவனோ சூத்திரத்தைச் சந்தேகப்படாமல் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறான்...

வியாழக்கிழமை முழுவதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் இங்கே உட்காரக் காரணம் இல்லை, சனிக்கிழமை இல்லை, வேலை இல்லை, ஃபான் தியெத் பஸ்தான். சொல்லாவிட்டால் நாற்பது பேர் அந்த அம்புகளை நம்பிப் பங்கு வாங்குவார்கள், அவனும் வாங்குவான். கடைசியில் இமைக்காத அந்தக் கண்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டிருக்கும். இதில் இவளுக்கு எங்கே வலிக்கிறது? அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அவள் தன் கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"உன் ஃபார்முலாவை இதுல போடு. ரீப்ளேல பாக்கலாம்."

ரீப்ளே என்பது மென்பொருளை ஏமாற்றும் வழி. இன்று மார்ச் பதிமூன்று, இதற்குமேல் உலகமே இல்லை என்று அதை நம்ப வைக்கலாம். அதன் பிறகு பட்டனை ஒருமுறை தட்டினால் ஒரு நாள் மட்டும் நகரும். மார்ச் பதினான்கு அவனுடைய மிக அழகான பள்ளம். அவள் தட்டினாள். பதினான்காம் தேதி வந்தது. அம்பு இல்லை. அடுத்த நாள். இல்லை. அதற்கடுத்த நாள். இல்லை. நான்காவது தட்டில் விலை துள்ளி ஏறியது... மூன்று நாள் பின்னோக்கிப் போய், பதினான்காம் தேதியின் அடியில், பச்சை அம்பு பிறந்தது.

கியெத் அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்து வேறு ஆறு பள்ளங்களைச் சோதித்தான். ஆறும் அப்படியே.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"திங்கட்கிழமை சந்தேகம். புதன்கிழமை உறுதி."

"அப்ப ரெண்டு நாளா என்னை வேடிக்கை பாத்தீங்க."

"வேடிக்கை பாக்கலை, தம்பி..."

"தம்பின்னு கூப்பிடாதீங்க."

அவன் தன் கணினியை மடித்துப் பைக்குள் வைத்தான். காபியில் ஐஸ் கரையாமல் மிச்சம் இருந்தது. மழையில் குடையில்லாமல் இறங்கிப் போனான். ஒரு மணிக்குச் சந்தை திறந்தது. ஏழாம் அத்தை வந்து கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டே, இடம் காலியாகிவிட்டதே, இனி நிம்மதிதானே என்றாள். பிளக் இப்போது உயெனுக்கு மட்டும். அவள் நெடுநேரம் எதையும் செருகவில்லை.

சனிக்கிழமை அவள் மாடிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவன் வரமாட்டான் என்று நினைத்தாள். வந்தான், அதே வெளிர்நீலச் சட்டையில். புரொஜெக்டரில் இருந்து சுவரில் அவன் விலைப் படம் விழுந்தது. பள்ளந்தோறும் பச்சை அம்பு. நாற்பது பேரும் வியந்து முணுமுணுத்தார்கள். பலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். அவன் பெரிய அட்டை ஒன்றால் வலது பாதியை மறைத்துக் காட்டினான். ஃபூ ஐயா திருப்தியாகத் தலையசைத்தார்.

உயெனின் கை நாற்காலியின் விளிம்பைப் பற்றியது. எழுந்து சொல்லத்தான் வேண்டும்...

"இந்த அட்டை உங்க கண்ணைத்தான் மறைக்குது," என்றான் கியெத். "ஃபார்முலாவோட கண்ணை மறைக்கலை. இப்ப பாருங்க."

ரீப்ளேயை ஓட்டினான். அம்புகள் ஒவ்வொன்றாகத் தாமதமாக வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தன. இந்த அம்புகளை நம்பி யாரும் ஒரு பங்குகூட வாங்க வேண்டாம் என்றான். யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். இந்தத் தப்பைப் பிடித்தது தான் இல்லை, கடைசி வரிசையில் இருக்கிற ஊதா மழைக்கோட்டு என்றான். நாற்பது தலைகளும் திரும்பின.

ஃபூ ஐயா, வேலைக்குச் சூத்திரம் கேட்டேன், சூத்திரம் இல்லை, அதனால் வேலையும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். ஆனால் கூட்டம் கலையும்போது மூன்று பேர் கியெத்தை ஓரமாக அழைத்துப் போனார்கள். தாங்கள் விலை கொடுத்து வாங்கின சூத்திரங்களும் இப்படித் திரும்பிப் போய் அம்பு போடுகின்றனவா என்று பார்த்துத் தர முடியுமா, வெளியே சொல்லாமல், என்று கேட்டார்கள்.

கீழே மாடிப்படி அருகில் அவள் நின்றிருந்தாள். அவன் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டான்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன். அப்பாகிட்ட இன்னும் கொஞ்ச நாள் கேக்கணும்."

"கேளு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்... முதல் நாள் பாத்ததுமே பிடிச்சுதுன்னு சொன்னா அது பொய். திங்கட்கிழமை உன் மேல எரிச்சல்தான் வந்துச்சு. நேத்து கோபமாப் போனேன். பாதி வழியில மழைல நின்னுட்டு, நாளையில இருந்து எந்த நாற்காலில உக்காருவேன்னு நெனச்சேன். அப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம் திரும்பிப் பாத்தா, அம்பு திங்கட்கிழமை அடியில நிக்குது."

அக்கா இல்லை. நீங்க இல்லை. உயென் அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த மாதிரி அம்பு நாளைக்கு இடம் மாறுமே."

"எட்டு சதவீதம் தாண்டாத வரைக்கும்தான் மாறும். தாண்டியாச்சு, உயென். இனி நகராது."

கணக்கு சரி. அவளால் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பதில் சொல்ல அவகாசம் கேட்டாள். இந்த ஊரில் இன்று வாங்கிய பங்கு இன்றே கைக்கு வராது; இரண்டரை நாள் கழித்து, மதியச் சந்தை திறக்கும்போதுதான் வரும். அதுவரை விற்கவும் முடியாது, கைவிடவும் முடியாது.

"ரெண்டரை நாள்," என்றாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை."

"சனி ஞாயிறு சந்தை கிடையாது. திங்கட்கிழமையில இருந்து எண்ணு."

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. பிளக் அருகே இருந்த நாற்காலியில் உயென் தன் பையை வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு உட்கார இரண்டு பேர் பார்த்தார்கள், ஏழாம் அத்தை இருவரையும் விரட்டிவிட்டாள்.

கியெத் உள்ளே வந்தான். பஸ் நிலையத்தில் வாங்கிய மலிவு மழைக்கோட்டு, பளிச்சென்ற ஊதா. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டில் மீன்சாறு. அப்பா ஆறு மாதம் கொடுத்திருக்கிறார் என்றான். பாட்டில் அம்மா கொடுத்தது. யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை, பெரிய பாட்டிலாக எடுத்தாள் என்றான்.

உயென் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். சுவரில் கடிகாரம் ஒன்றைத் தொட்டது. கடை முழுக்கத் திரைகள் அசையத் தொடங்கின. அவன் தன் திரையைத் திறக்கவில்லை.

"இப்ப சொல்லு. உனக்கு எந்த நாள்?"

அவள் எக்ஸ்டென்ஷன் பெட்டியை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.

"திங்கட்கிழமை," என்றாள். "எனக்குத் திரும்பிப் போய்ப் போட்ட அம்பு இல்லை. அன்னிக்கே, நீ நிமிர்ந்து பாத்தப்பவே விழுந்துடுச்சு... நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."