சீட்டில் வைத்த போல்ட்

“இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?”

“லாரி சீட்டுல கிடந்துச்சு மாமா. அப்பா உட்கார்ந்தா குத்துமேன்னு எடுத்து வெச்சேன்.”

“லாரி எங்க?”

“அப்பா அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாரே! மலைக்குப் போய் கல் ஏத்தணுமாம்.”

மெக்கானிக் மாமா எண்ணெய் டின்னைத் தொப்பென்று கீழே வைத்தார். புது எண்ணெய் வாங்கக் கடைக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

வாண்டு கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தாள். பட்டறையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சதுரத் தலை வைத்த குட்டை போல்ட். கட்டைவிரல் உயரத்தில் ஒரு ராஜா இருந்தால் இது அவருக்கு நல்ல சிம்மாசனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

“இதுல என்ன மாமா இருக்கு?”

“பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல, குடம் மாதிரி உருண்டையா ஒண்ணு இருக்குல்ல? அதுக்குள்ள பல்சக்கரங்க எண்ணெயில குளிச்சுக்கிட்டே சுத்தணும். காலையில பேரிங்குக்கெல்லாம் கிரீஸ் வெச்சு சக்கரத்தை மாட்டிட்டேன். குடத்துல இருந்த பழைய எண்ணெயையும் இறக்கிட்டேன். புதுசு இன்னும் ஊத்தலை. ஊத்துற ஓட்டையை மூடுற போல்ட்டு இது.”

“அது ஏன் சீட்டுல இருந்துச்சு?”

“போல்ட் சீட்டுல இருந்தா வண்டியைத் தொடக் கூடாதுன்னு அர்த்தம். சீட் காலியா இருந்தா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். உங்க அப்பாவுக்கு அது தெரியும்.”

வாண்டு போல்ட்டை மாமாவிடம் நீட்டினாள். துணியால் சீட்டைப் பளிச்சென்று துடைத்து வைத்ததும் அவள்தான்.

“எண்ணெய் இல்லாம ஓடினா என்ன ஆகும் மாமா?”

“சூடேறி, பல்லும் பல்லும் கடிச்சுக்கும். சக்கரம் அப்படியே பூட்டிக்கும். இறக்கத்துல, அவ்வளவு பாரத்தோட...”

மாமா போனை எடுத்து அப்பாவின் எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“எடுக்க மாட்டார் மாமா. வண்டி ஓட்டும்போது கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.”

வேறொரு நாளாக இருந்தால் மாமா சிரித்திருப்பார். இப்போது பைக்கை நோக்கி ஓடினார்.

“நில்லுங்க மாமா! நீங்க போறதுக்குள்ள அப்பா இறங்க ஆரம்பிச்சிடுவார். கல் ஏத்தின லாரி எல்லாம் மேலேயே எடை போட்டுத்தானே இறங்கணும்? எடைமேடைக்குப் போன் பண்ணுங்க!”

பட்டறைச் சுவர் முழுக்கக் கரிக்கட்டியால் கிறுக்கிய எண்கள். எதைக் கண்டாலும் படிக்கும் வாண்டு, ‘எடைமேடை’ என்பதை உடனே காட்டினாள்.

மறுமுனையில் எடைக்காரர் எதையோ மென்றுகொண்டே பேசினார். “பச்சை லாரியா? எடை போட்டாச்சே. இதோ, மேடையை விட்டு இறங்குது.”

வாண்டு போனைப் பிடுங்கினாள். “நிறுத்துங்க மாமா! அதுல எண்ணெய் இல்ல! எங்க அப்பா ஓட்டுறார்! ஓடுங்க!”

போன் எதன் மேலோ விழுந்த சத்தம். செருப்புகள் தடதடவென்று ஓடின. “ஏய்! ஏய்!” என்ற கத்தல் தூரமாகிக்கொண்டே போனது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மாமா தலையில் கைவைத்து டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாண்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மூச்சிரைக்கும் குரல் வந்தது. “நிறுத்திட்டேன். வளைவுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். என் ஒரு கால் செருப்பு போச்சு.”

இருவரும் பைக்கில் மலையேறினார்கள். லாரி சாலையோரம் நின்றது. அடியிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. எடைக்காரர் அந்த இரும்புக் குடத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று ஆவி பறந்தது.

மாமா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “உள்ளே எல்லாம் போச்சு. எல்லாத்தையும் மாத்தணும். வண்டி ஓட ரொம்ப நாளாகும்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “தப்பு என்னோடதுதான். வாண்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

“இல்லப்பா, நான்தான் எடுத்தேன்,” என்றாள் வாண்டு.

அப்பா சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே சாலை வளைந்து வளைந்து, அடி தெரியாத பள்ளத்தை ஒட்டி இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் இறங்கியது. மேலே காலி லாரிகள் ஒவ்வொன்றாகப் போயின. அப்பா கையை விடவுமில்லை, வாயைத் திறக்கவுமில்லை.

“அப்பா,” என்றாள் அவள், “திட்டவாவது செய்யுங்கப்பா.”