மூன்றாவது திரையிலும் ஒரு புள்ளி

"இதுலயும் இருக்கு!"

மூன்றாவது கணினித் திரையையும் அவள் தள்ளிவிட்டாள். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முப்பத்திரண்டு அங்குலம், ஃபோர்-கே தெளிவு, கண் கூசாத கண்ணாடி, அச்சுக்கு ஒத்துப்போகும் நிறம்... அவள் தாளில் எழுதிக்கொண்டு வந்தது எல்லாமே மூன்றிலும் இருந்தது. கூடவே, நட்ட நடுவில் ஒரு கரும்புள்ளியும்.

அண்ணனின் அச்சகத்தில் புகைப்படங்களுக்கு நிறம் திருத்துகிறவள் அவள். எட்டு வருட அனுபவம். கன்னத்துச் சிவப்பு வெயிலால் வந்ததா, வெட்கத்தால் வந்ததா என்று தங்கச்சி சொல்லிவிடுவாள் என்பது அண்ணனின் பெருமை. கொஞ்ச நாளாகத்தான் நேர்க்கோடுகள் நெளிந்தன. பழைய திரைக்கு வயசாகிவிட்டது என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

"மேடம், பெட்டியை உங்க முன்னாடிதானே பிரிச்சேன்?"

"பிரிச்சா? புள்ளி தானா போயிடுமா?"

"மன்னிக்கணும்..." பக்கத்தில் ஒரு குரல். "அவங்களுக்கு வேணாம்னா இதை நான் எடுத்துக்கலாமா?"

திரும்பினாள். மழையில் பாதி நனைந்த சட்டை. கக்கத்தில் சுருட்டிய வரைபடம். ஊருக்கு அடியில் ஓடும் குழாய்களுக்குப் படம் வரைகிறவனாம். கண்கள் மட்டும்... எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை இமைக்காத கண்கள்.

"புள்ளியோடயா எடுத்துட்டுப் போவீங்க?"

"எந்தப் புள்ளிங்க?"

"ஓ... கடைக்காரருக்கு நீங்க மச்சானா?"

"அவருக்குத் தங்கச்சி இருக்கான்னு இன்னும் கேக்கலைங்க."

"இருந்தாலும் தர மாட்டேன் சார்," என்றார் கடைக்காரர்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம் நிறைந்த திரையின் முன் குனிந்தாள். இடது கண்ணைக் கையால் பொத்தினாள். அச்சான தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகியவள். எதையும் வலது கண் ஒன்றால் சோதித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

"இதோ... இங்கே!" விரலை வைத்துக் காட்டினாள்.

அவனும் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அந்தக் கண்ணாலயே... இப்ப மேல் மூலையைப் பாருங்க. புள்ளி எங்கே இருக்கு?"

"இங்..."

விரல் திரையின் நடுவிலேயே நின்றது. புள்ளி மூலைக்குப் போயிருந்தது.

சுவரைப் பார்த்தாள். அங்கேயும். மழை வழியும் கண்ணாடிக் கதவை, கடைக்காரரின் நெற்றியை... எங்கே பார்த்தாலும் அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கையை எடுத்து இரண்டு கண்களாலும் பார்த்தாள். காணவில்லை. மறுபடி பொத்தினாள். இருந்தது.

மூன்று திரைகளிலும் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த தெருக் கண் மருத்துவரிடம் அவனே குடை பிடித்து அழைத்துப் போனான். மருத்துவரம்மா சுற்றி வளைக்கவில்லை. வலது கண்ணில் போனது திரும்பாது. இடதிலும் ஆரம்பித்துவிட்டது. "ஓரத்துப் பார்வை இருக்கும்மா. நேரா எதைப் பார்க்கிறியோ, அதுதான் மறையும். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ..."

அதன் பிறகு அவன் தினம் போனில் விசாரித்தான். நாலாம் நாள் அவள் சிரித்தாள். மூன்றாம் வாரம் அச்சக வாசலில் நின்று, "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான்.

உள்ளே ஏதோ சட்டென்று பூத்தது. அதைக் கிள்ளி எறிந்தாள்.

"பரிதாபத்துக்குப் பேர் மாத்தி வைக்காதீங்க. நாளைக்குக் கையைப் புடிச்சு ரோடு தாண்டி விட்டுட்டு, தியாகின்னு பேர் வாங்கவா? போயிட்டு வாங்க."

அப்புறம் போனையே எடுக்கவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. வேலை இருக்கிறவரை இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை, குழந்தையின் பிறந்தநாள் ஆல்பம் ஒன்று திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் குழந்தையின் கன்னம் பச்சை பாய்ந்து, நோயாளி மாதிரி இருந்தது. அவள் திருத்திய நிறம். அவளுக்கு அது பச்சையாகவே தெரியவில்லை.

எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏம்மா... என்கிட்ட கூடவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் மேஜை விளக்கை அணைத்தான்.

மறுநாள் காலை, குழாய்ப் படம் வரைகிறவனின் அலுவலகத்தின் நாலு மாடியையும் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினாள். பெரிய திரையில் நீலக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பதறி எழுந்தான்.

"தனியாவா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா..."

"குறுக்கே பேசாதீங்க. மூணு விஷயம், மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, வேலை போயிடுச்சு. அதுக்கு நேத்தே அழுது முடிச்சுட்டேன். ரெண்டு, அன்னிக்குப் பரிதாபம்னு சொன்னது பொய். மூணாவது..."

மூன்றாவது வரவில்லை.

"மூணாவது?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"நேரா பார்க்கிறதுதான் முதல்ல போகும்னாங்க இல்ல? உங்களைப் பார்த்தா... வேற எங்கேயும் பார்க்க மாட்டேங்குது இந்தக் கண்ணு. அப்போ உங்க முகம்தானே முதல்ல போகும்? அந்தப் பயத்துலதான் ஓடினேன். எனக்கும்... எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

எல்லாம் சரியாயிடும் என்று அவன் சொல்லவில்லை. சரியாகாது என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்றான்.

"ஜன்னல்கிட்ட வாங்க. வெளிச்சத்துல நில்லுங்க."

நின்றான். அவள் கிட்டே போனாள். புருவத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்... ஒரு வரியும் விடாமல் படிக்கிறவளைப் போல, நிதானமாக. கன்னத்துக்கு வந்தபோது அது ஈரமாக இருந்தது.

"அழாதீங்க... சிரிச்ச முகமா ஞாபகம் வச்சுக்கணும் எனக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"சரி... பரவாயில்லை," என்றாள். வராத அந்தச் சிரிப்பையே பார்த்து வைத்துக்கொண்டாள்.