சாரி சொல்லாத முழங்கை

அவளைப் பார்த்த முதல் நொடியிலேயே அவன் கண்களுக்குள் நட்சத்திரங்கள் மின்னின...

காதலால் அல்ல. மூக்கில் விழுந்த முழங்கையால்.

திரைச்சீலைக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள் ஒரு பெண். வக்கீல்களுக்கே உரிய கறுப்புக் கோட்டு கையில்... வழக்குக் கட்டு மார்போடு... பார்வை தெருவில். அவள் தலைக்கு மேலே கடையின் பழைய படுதா, மழைநீர் தேங்கித் தேங்கி, விருந்தில் மூக்குப் பிடிக்கத் தின்றவன் வயிறு போலத் தொங்கியது. அதைத் தாங்கிய கம்பி வளைவதைக் கல்லாவில் இருந்த முதலாளியின் மகன் பார்த்தான். கத்துவதற்குக்கூட நேரமில்லை. தாவி ஓடி, பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

அவள் திரும்பவில்லை. முழங்கை மட்டும் திரும்பியது.

டப்!

அடுத்த நொடி படுதா கிழிந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்த இருவர் மேலும் ஒரு குட்டிக் குளம் கொட்டியது.

மல்லாந்து கிடந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். நனைந்த இமைகள்... இமை நுனியில் துளித்துளியாய் மழை... அந்தப் பெரிய கண்களில் பயமும் கோபமும் பாதிக்குப் பாதி. எதைப் பார்த்தாலும் மனசுக்குள் விலை போடும் வம்சத்தில் பிறந்தவன் அவன். முதல் தடவையாக விலைச்சீட்டு எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் விழித்தான்.

"யாருய்யா நீ? தோள்ல கை வைக்கிற?"

"காப்பாத்த வந்தேங்க..."

"கேட்டீங்களா?"

"என்னத்தை?"

"தொடலாமான்னு."

"அம்மா தாயே... நான் கேட்டு, நீங்க யோசிச்சு, சரின்னு சொல்றதுக்குள்ள தண்ணி தலையில இறங்கியிருக்குமே!"

"இப்ப மட்டும் இறங்கலையாக்கும்?"

நியாயமான கேள்வி. கூந்தலில் இருந்து சொட்டிய நீரைப் பிழிந்தபடி அவள் கேட்ட அழகில், பதில் தெரிந்திருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

அதற்குள் உள்ளிருந்து அவனுடைய அப்பா வந்துவிட்டார். முதலில் கிழிந்த படுதாவைப் பார்த்தார். "ஐயோ!" என்றார். அப்புறம்தான் மகனுடைய மூக்கைப் பார்த்தார்.

"கஸ்டமர் நம்ம முகத்தைப் பார்த்துதான்டா கடையில துணி வாங்குறான்! இந்த மூக்கை வச்சுக்கிட்டு என்னத்த விப்பே? நடங்க எல்லாரும் ஸ்டேஷனுக்கு!"

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவருக்கே கன்னம் வலித்தது.

"ஏம்மா, ஒரே ஒரு சாரி சொல்லிடு. பெரியவரும் புகாரை விட்டுடுவாரு. ஆளாளுக்கு வீட்டுக்குப் போகலாம்."

"சாரி மட்டும் போதும்" என்றார் பெரியவர். "படுதா செலவைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"சொல்ல மாட்டேன் மேடம்."

"எதுக்கும்மா இந்த வீம்பு?"

அவள் வழக்குக் கட்டை மேஜைமேல் வைத்தாள். "நாளன்னிக்கு என்னோட முதல் கேஸ். சீனியர் நம்பிக் குடுத்தது. ஒரு நர்ஸ்... வேலை முடிஞ்சு போறப்போ ஒருத்தன் பின்னாலேருந்து வந்து பிடிச்சிருக்கான். அந்தம்மா டிபன் பாக்ஸால ஒண்ணு போட்டுட்டாங்க. இப்ப அடிச்சதுக்கு அவங்க மேலயே கேஸ். 'பயந்து, தன்னைக் காப்பாத்திக்க, அந்த நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும் அடிச்சவ குற்றவாளி இல்ல. யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல'ன்னு நான் எழுந்து நின்னு வாதாடணும். அதையே சொல்லப்போற வாயால இன்னிக்கு எப்படி மேடம் சாரி சொல்றது?"

"நான் இவரை எத்தனை தடவை அடிச்சேன்? ஒரு தடவை. கீழ விழுந்தப்புறம் தொட்டேனா? இல்ல. அளவோட அடிச்சேன்."

"அளவு நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றான் அவன், மூக்கைத் தடவியபடி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சே... எதிராளியிடம் போய்ச் சிரிப்பதா?

பெரியவர் விடுவதாக இல்லை. சாரி இல்லாவிட்டால் புகாரை எழுதியே தீர வேண்டும் என்றார். புகார் பதிவானால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அடிதடி வழக்கில் பெயர் சேர்ந்த ஜூனியரிடம் சீனியர் அந்த வழக்கை விட்டுவைக்க மாட்டார். முதல் வழக்கு கைநழுவிப் போகும்... அந்த நர்ஸ் நடுவழியில் நிற்பாள்.

இன்ஸ்பெக்டரம்மா யோசித்தார். "நாளைக்குக் காலையில கடைக்கு வரேன். நடந்ததை நடந்தபடியே எனக்கு நடிச்சுக் காட்டுங்க. அப்புறம் எழுதலாமா வேண்டாமான்னு பார்ப்போம்."

மழை விடும்வரை நிலைய வராந்தாவில் ஒரே பெஞ்சில், நடுவே நாலு பேர் உட்காரும் இடைவெளி விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"டீ குடிக்கிறீங்களா?" என்றான்.

அவள் பேசவில்லை. அவன் எழுந்துபோய் இரண்டு டீயோடு வந்தான்.

"நான் வேணும்னு சொல்லலையே."

"வேண்டாம்னும் சொல்லலையே. எங்க கடையில கடைசி விலை சொன்னப்புறம் கஸ்டமர் பேசாம நின்னா சரின்னு அர்த்தம். கத்திரியை எடுத்து துணியை வெட்டிடுவோம்."

"அப்படி வெட்டித்தான் பாதிப் பேர் கோர்ட்டுக்கு வராங்க. பேசலைன்னா பேசலைன்னுதான் அர்த்தம். யோசிச்சுக்கிட்டிருக்கலாம். பயந்து போயிருக்கலாம். உங்களைப் பிடிக்காமலும் இருக்கலாம்."

அந்தக் கடைசிக் காரணம் அவன் மூக்கைவிட அதிகமாக வலித்தது. டீயை நீட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். ஆவி பறந்தது... அவள் கண்கள் ஆவியின் பின்னாலேயே போய்த் திரும்பின.

"சரி, இப்பக் கேளுங்க."

"டீ... குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்."

இவ்வளவுதானா! கேட்டால் கிடைக்கிறதே! பேரம் பேசியே வளர்ந்தவனுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

மறுநாள் காலையும் மழை. புதுப் படுதா வாங்க மனசு வராத பெரியவர், கிழிசலில் பூப்போட்ட திரைச்சீலைத் துண்டு ஒன்றைத் தைத்து மாட்டியிருந்தார். அதுவும் இப்போதே தொப்பை போட ஆரம்பித்திருந்தது.

"ஒருத்தர் பார்த்தது இன்னொருத்தருக்கும் தெரியட்டும். நீங்க ரெண்டு பேரும் இடத்தை மாத்திக்கோங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "தம்பி வாசல்ல நிக்கட்டும். நீ கல்லாகிட்ட போம்மா. நான் சொன்னதும் ஓடிவந்து தோளைப் பிடி."

"பிடிக்கலாமா?" என்று அவனிடம் கேட்டாள் அவள்.

"தாராளமா..." என்றான். காது மடல் சிவந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. அவன் தலைக்கு நேர் மேலே... கனத்துத் தொங்கும் தண்ணீர். அவனோ ஒன்றும் அறியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று நானும் இப்படித்தானே நின்றேன்... இதைப் பார்த்தால் எனக்குமே கேட்கத் தோன்றியிருக்காதே! கால்கள் தாமாகவே ஓடப் பரபரத்தன.

வாசலில் நின்றவனுக்கோ வேறொன்று தெரிந்தது. மழை இரைச்சலில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் உலகமே இல்லாமல் போய்விட்டது. ஒரு காலடி கேட்கவில்லை. ஒரு மூச்சு கேட்கவில்லை.

பெரியவருக்குப் பொறுமை போதாது. "இன்னும் தள்ளி நில்லுடா, அந்தப் பொண்ணு ஓரமா நின்னுச்சு!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர், பின்னாலிருந்து மகனின் தோளை இறுக்கிப் பிடித்தார்.

டப்!

பெரியவர் துணிக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். மூக்கை மூடிய கைக்குப் பின்னாலிருந்து "டேய்..." என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

"ஐயோ அப்பா! நீங்களா? நான் யாரோன்னு..."

நின்றுவிட்டான். அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். யாரோன்னு... அந்த ஒரு வார்த்தைக்குள் நேற்றைய மழை முழுவதும் பெய்து முடிந்தது.

"பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. "உங்க பையன் மேல இன்னொரு புகார் எழுதிடலாமா?"

"என் புள்ள மேலயா? அவன் வேணும்னா அடிச்சான்? பயந்துல்ல அடிச்சான்! பின்னால வந்து பிடிச்சது நான்தானே!"

"ஐயா..." வக்கீலின் குரலில் தேன் வழிந்தது. "அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுக்கிறீங்களா? ரெண்டு முழங்கைக்கும் சேர்த்து?"

பெரியவர் இத்தனை வருட வியாபாரத்தில் தன் வாயாலேயே தன் சரக்கை இவ்வளவு மலிவாக விற்றதில்லை.

"புகார் கிகார் ஒண்ணும் வேண்டாம். ஆனா அந்தப் படுதா செலவுல பாதி..."

இன்ஸ்பெக்டரம்மா அண்ணாந்து படுதாவின் தொப்பையைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார்.

"சரி... அதையும் விடுங்க" என்றார் பெரியவர்.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று அவன் நினைத்தான். அவனாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவள் நினைத்தாள். இரண்டு பேர் கௌரவமும் வாயைத் திறக்காமல் நின்றது.

வழக்கு முடிந்த அன்று மாலை மறுபடி பிடித்தது மழை. கடை வாசலில், புத்தம் புது நீலப் படுதாவின் கீழே, தெருவைப் பார்த்தபடி அவள்.

கல்லாவில் இருந்தவன் துள்ளி எழுந்தான். வாசலுக்கு ஓட எடுத்த காலை அப்படியே பின்வாங்கினான். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், தெருவில் இறங்கி, தொப்பலாக நனைந்து சுற்றி வந்து, அவள் கண்ணெதிரே நின்றான்.

"முன்னாடிதான் வந்திருக்கேன்... பயப்படாதீங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கேஸ் என்னாச்சுங்க?"

"ஜெயிச்சாச்சு. நர்ஸம்மா டியூட்டிக்குப் போயிட்டாங்க." ஒரு நொடி தயங்கினாள். "இனிமே நான் சொல்லலாம்... சாரி. தப்புப் பண்ணினேன்னு இல்ல. வலிச்சிருக்குமேன்னு."

"எனக்கும் சாரிங்க. பின்னால இருந்து வர்றது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். பிரயோஜனமில்லை, மறுபடி வழிந்தது. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அடி விழுந்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் சரியாத் தெரியல. வாழ்க்கை முழுக்க... என்கூட இருப்பீங்களா?"

அவள் பேசவில்லை. விழிகள் மட்டும் தாழ்ந்தன.

உள்ளே கத்திரி 'கிறிச்' என்றது. "பேசாமத்தானே நிக்குது! முடிஞ்சுதுடா, வெட்டிடலாம்!" என்றார் பெரியவர்.

"கத்திரியைக் கீழ வைங்கப்பா. அவங்க இன்னும் சொல்லல."

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"அவங்க சொல்ற வரைக்கும்."

நின்றான். மூக்கு நுனியில் இருந்து மழை சொட்டியது. தும்மினான்... ஆறாத மூக்கு விண்ணென்று தெறித்தது. அப்போதும் ஒரு அடி முன்னே வரவில்லை, 'என்ன சொல்றீங்க' என்று நெருக்கவும் இல்லை. அவள் மனசுக்குள் ஏதோ ஒரு படுதா சத்தமில்லாமல் அவிழ்ந்தது.

"யாரும் மிரட்டல. அவசரமும் இல்ல. எல்லாம் தெரிஞ்சு, யோசிச்சு, என் வாயாலயே சொல்றேன்..." கண்களை நிமிர்த்தினாள். "சம்மதம்."

"அப்போ... கையைப் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். ஆனா வேண்டாம்னு எப்ப சொன்னாலும் விட்டுடணும்."

"எங்க கடையில வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோமே..."

"இது விக்கிறது இல்ல. தினம் தினம் புதுசாக் கேக்கணும்."

"தினமும் கேக்கறேன்" என்றான். பேரமே பேசவில்லை.

கையை நீட்டியவனின் கண்கள் பழக்கதோஷத்தில் ஒருமுறை அவள் முழங்கையைப் பார்த்தன.

"அது ஒண்ணும் பண்ணாது" என்றாள், படுதாவுக்கு வெளியே மழைக்குள் தன் கையை நீட்டியபடி. "நீங்கதான் முன்னாடி வந்துட்டீங்களே..."