உலை எரியாத ஹமாம்

வதீஹ் ஜெர்மனிக்குப் போய் ஐந்து நாளாயிற்று. அவனுடைய பூட்ஸ் மட்டும் ஹமாம் என்ற வெந்நீர்க் குளியல்கூடத்தின் வாசலில், செருப்பு அடுக்கின் கீழ்த்தட்டிலேயே இருந்தது.

ஜனவரி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. இந்தக் குளிரில் வெறுங்காலோடு விமானம் ஏறுகிறவன் எவன்? நஸீஹ் அந்தப் பூட்ஸைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தான். இடது காலில் கயிறு அறுந்துபோய், போன மாதம் அவன்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்த முடிச்சைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆறு வருஷம் ஒரே அறை, ஒரே போர்வை. அக்கம்பக்கத்தாரிடம் பெரியப்பா மகன் என்று சொல்லிவைத்திருந்தார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே, பாவிக்கு!

அதற்காக அவன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. பெய்ரூத்தில் இப்போது எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். விசா கிடைத்தவன் விமானம் மேலே ஏறும்வரை பெற்ற தாயிடம்கூட வாய் திறக்க மாட்டான். கண் பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று பயம். போய்ச் சேர்ந்த பிறகு, எப்போதாவது, புது நம்பரிலிருந்து கூப்பிடுவான். அதுவரை யாரும் தேடுவதில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாயால் சொல்லிவிட்டு மனதுக்குள் பொருமிக்கொள்வார்கள். நஸீஹும் ஐந்து நாளாகப் பொருமினான். தேடவில்லை.

அபூ ஷுக்ரியின் ஹமாமுக்கு ஒரு காலம் இருந்தது. வியாழக்கிழமை ராத்திரிகளில் படிக்கட்டு வரை ஆண்கள் காத்து நிற்பார்கள். வளைகுடாவிலிருந்து வருவார்கள், ஐரோப்பாவிலிருந்து வருவார்கள், நாலு தெரு தள்ளியிருக்கும் பல் டாக்டரும் வருவார். பெயர் கேட்கக் கூடாது, வேலை கேட்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். நஸீஹின் கை உடம்பு தேய்க்கும் கைகளில் பேர்போனது. சிலர் அவனைத் தங்கள் ஓட்டலுக்கே கூட்டிப்போய், விடிந்ததும் குனாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு லெபனான் பணமான லிரா செத்தது. வங்கிகள் கதவை இழுத்துச் சாத்தின. ராத்திரியில் கரண்ட் கிடையாது என்பதால் ராத்திரி வியாபாரமே பகலுக்கு வந்துவிட்டது. முந்தாநாள் வரை வங்கியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவன் இன்று இதே தொழிலுக்கு வந்து வரிசையில் நிற்கிறான். இப்போது வருகிற வெளிநாட்டுக்காரனோ, இங்கே எல்லோரும் பட்டினி என்று தெரிந்தே வருகிறவன். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி பேரம் பேசுகிறான்.

வதீஹ் அதையும் சொல்லிச் சிரிப்பான். "முன்னெல்லாம் போன்ல படம் அனுப்பு, படம் அனுப்புன்னு உயிர எடுப்பானுங்க. இப்ப உங்க வீட்ல ஜெனரேட்டர் இருக்கா, சுடுதண்ணி வருமான்னு கேக்குறானுங்கடா! என்னைப் பாக்க வர்றானுங்களா, ஹீட்டரப் பாக்க வர்றானுங்களா?"

முதலில் ஹைஸம் போனான், டிசம்பர் தொடக்கத்தில். அப்புறம் ஜிர்ஜி. இப்போது வதீஹ். மூன்று பேரும் இங்கே வேலை பார்த்தவர்கள்; ஒரு வாடிக்கையாளர் ஜெர்மனிக்கு விசா வாங்கிக் கொடுத்ததாக அபூ ஷுக்ரிதான் சொன்னார். கீழ்த்தட்டில் மூன்று ஜோடி.

"இன்னும் என்னடா அதையே வெறிச்சுப் பாத்துட்டிருக்க?" கல்லாவுக்குப் பின்னாலிருந்து அபூ ஷுக்ரி கேட்டார். கம்பளிக் குல்லாய்க்குள் அவர் முகம் வதங்கிக் கிடந்தது.

"பூட்ஸ் போடாம எப்படிப் போனான், அபூ ஷுக்ரி?"

"உஸ்தாத் புதுசு வாங்கிக் குடுத்திருப்பாரு. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

உஸ்தாத் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லும் அந்த வாடிக்கையாளரின் முகத்தை நஸீஹ் ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு மாதமாக வருகிறார். அன்றிலிருந்து கீழே சூட்டறை முழுக்க அவருக்கே; நஸீஹ் மேல் அறையில்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். அவர் கேட்கிற ஆளைத் தவிர யாரும் கீழே இறங்கக் கூடாது. டாலரில் கொடுக்கிறார், டீசலே அவர் புண்ணியத்தில்தான் வருகிறது என்று அபூ ஷுக்ரி சொல்லியிருந்தார். ஊரில் பாதி ஹமாம்கள் மூடிக் கிடக்க, இது மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு உன்னைக் கேட்டாரு," என்றார் அபூ ஷுக்ரி. "வதீஹ் சொல்லி வச்சிருப்பான்போல. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல சேத்துடறேன்னாரு."

அப்படியானால் மறக்கவில்லை, படுபாவி. ஐந்து நாள் கோபம் ஒரு நொடியில் கரைந்து, அழுகையாக வந்தது. வதீஹ் இருக்கிற இடம் எதுவானாலும் சரி, போய்விட வேண்டும். இந்த மழை, அந்தக் குளிர்ந்த அறை, அந்த அரைப் போர்வை, எதுவும் இனி வேண்டாம்.

"பேப்பர், விசா எல்லாம்?"

"உள்ள போய் அவரையே கேளு. போனை இப்படிக் குடு."

போன் வெளியில்தான் இருக்க வேண்டும். ஒரு படம் வெளியே போனால் ஒரு குடும்பஸ்தன் தூக்கில் தொங்குவான். அது பழைய வழக்கம். நஸீஹ் கொடுத்தான். ஷூவைக் கழற்றினான். அபூ ஷுக்ரி அதை வழக்கமான தட்டில் வைக்காமல், குனிந்து, வதீஹின் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தபோது நஸீஹின் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லிவைத்தாற்போல மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று.

இடுப்பில் துண்டும் கையில் செம்புக் கிண்ணமும் தேய்க்கும் கையுறையுமாக, மரக்கட்டைச் செருப்பு டக் டக்கென்று ஈரக் கல்லில் தட்ட, சுவரைத் தடவிக்கொண்டு அவன் நடையில் இறங்கினான். மேலே ஜன்னல் துவாரத்திலிருந்து விரல் அகலத்துக்குச் சாம்பல் வெளிச்சம், மழை இரைச்சல், தூரத்தில் எவனோ ஜெனரேட்டர்காரனைத் திட்டுகிற சத்தம். பாதி தூரம் வந்தபின்தான் ஏதோ குறைகிறது என்று பட்டது. டீசல் வாடை. பத்து வருஷமாக இந்த நடையில் தொண்டையைப் பிடிக்கிற டீசல் வாடையும் லாரல் எண்ணெய்ச் சோப்பு வாடையும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாடை வந்தது, வெதுவெதுப்பாக, கொஞ்சம் புளித்து. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் வாடை.

உலை அறைக் கதவு வழியில்தான் இருந்தது. அவன் கைவைத்ததும் திறந்துகொண்டது. துவாரத்து வெளிச்சத்தில் டீசல் பீப்பாய் தெரிந்தது. காலால் தட்டினான். டங்கென்றது. காலி. உலையின் இரும்பு வாயைத் தொட்டான். வெளியே தெருக்கல் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர். வாய்க்குள் கைவிட்டான். சாம்பல்கூட இல்லை, நூலாம்படை விரலில் ஒட்டியது. இது எரிந்து மாதக்கணக்காகியிருக்கும்.

ஆனால் உள்ளங்காலுக்குக் கீழே, கட்டைச் செருப்பையும் தாண்டி, கல் சுட்டது.

திரும்பிவிடலாம் என்று நினைத்தான். உண்மையிலேயே நினைத்தான். மேலே ஒரு கதவு, ஒரு தெரு, மழை. அங்கே வதீஹ் இல்லை. அந்த ஒன்றுதான் அவனைத் திரும்ப விடவில்லை.

சூட்டறைக்குள் போகிறவன் வாசலில் கிண்ணத்தால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால் போகலாம். இரண்டு தட்டினால் போகக் கூடாது. பெயர் சொல்லி அழைக்க முடியாதவர்கள் கண்டுபிடித்த முறை. நஸீஹ் தட்டினான்.

டக். டக்.

உள்ளே மூச்சுச் சத்தம் நின்றது. அதுவரை மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது.

ஒரு தட்டு வந்தது. செம்பு இல்லை. கல்லில் விரல் முட்டி படுகிற சத்தம்.

பிறகு வலது மூலையிலிருந்து இன்னொரு தட்டு.

பிறகு கீழே, மிகத் தாழ்வாக, இன்னொன்று.

உள்ளே ஒருவர்தானே?

"உஸ்தாத்?" என்றான்.

"நஸீஹ்."

உஸ்தாத் இல்லை. அது வதீஹ். ராத்திரி புரண்டு படுக்கும்போது கூப்பிடுகிற அதே தூக்கக் குரல்.

"டேய், நீ போகலையா? இங்கயா இருக்க? அஞ்சு நாளா இங்கயேவா?"

"வா. இங்க சூடா இருக்கு."

"பூட்ஸை விட்டுட்டு..."

"வாடா."

கதவைத் தள்ளினான். ஆவி முகத்தில் அறைந்தது. தண்ணீரின் ஆவி அல்ல. வியர்வை. உப்பு உதட்டில் ஒட்டியது. ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. எங்கும் மூச்சு. மெதுவாக. எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே. ஒரே நேரத்தில் வெளியே.

அப்போது தெருவே கத்தியது. "கரண்ட் வந்துடுச்சு! கரண்ட் வந்துடுச்சு!" துவாரத்து வழியே கைதட்டல், சிரிப்பு, எவனோ விசிலடிக்கிறான்.

தலைக்கு மேல் குண்டு பல்பு இரண்டு தரம் துடித்து எரிந்தது.

நடுக் கல்மேடையில் அவர்கள் படுத்திருந்தார்கள். நெருக்கமாக. ஹைஸம். ஜிர்ஜி. முகம் தெரியாத நாலைந்து பேர். ஹைஸமின் தோள் எங்கே முடிகிறது, ஜிர்ஜியின் முதுகு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தோல் தோலோடு உருகி ஒன்றாகியிருந்தது. சிவந்து, பளபளத்து, ஆவி விட்டுக்கொண்டு. ஒரு மூச்சுக்கு எல்லா விலாவும் ஏறின. எல்லாம் இறங்கின. செத்தவர்கள் இல்லை. ஐயோ, செத்தவர்கள் இல்லை.

மேடையின் கோடியில், கழுத்தில் மஃப்ளரோடு, ஒல்லியான கிழவர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவர்தான் உஸ்தாத். கணுக்கால் வரை இரண்டு பாதங்களையும் ஹைஸமின் வயிற்றுக்கு அடியில் செருகியிருந்தார், பஞ்சுப் போர்வைக்குள் கால் நுழைக்கிற மாதிரி. கண் திறக்கவில்லை. குளிரில் வந்தவர்களுக்கு வருகிற நடுக்கம் மட்டும் அவர் தாடையில் லேசாக ஓடியது.

"கதவச் சாத்துப்பா," என்றார். "குளிர் வருது."

விளிம்பில் படுத்திருந்த வதீஹ் கண் விழித்தான். நஸீஹைப் பார்த்ததும் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பக்கத்து உடம்பிலிருந்து தன் தோள் பிய்கிற சத்தத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து படுத்து, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டான்.